மணி கட்டிய அங்கி

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இடத்திலிருந்து போன் வந்தது. இனி அங்கே வழிகாட்டிகள் கிடையாதாம். வருகிறவர்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுப்பார்களாம். கன்னடம், தமிழ், ஆங்கிலம் எது வேண்டுமோ அதை அழுத்தினால் போதும், ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் தானாகப் பேசும். தமிழ் விளக்கத்துக்கு என் குரல் வேண்டும் என்றார்கள். சந்தோஷமாகப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, அவர்கள் அச்சடித்துக் கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஏழாவது தாளில் நின்றுவிட்டேன்.

“இது வேண்டாம்,” என்றேன்.

“ஏன் டீச்சர்? நீங்க சொல்லிட்டிருந்ததுதானே? ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அல்வா?” என்று கன்னடம் கலந்து கேட்டார் பதிவு செய்தவர்.

நான் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதனால்தான் வாசிக்க முடியவில்லை. காரணம் கேட்டார். அந்த நேரத்தில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். ஊருக்கு வெளியே கொள்ளேகால் ரோட்டில் சின்னதாக ஒரு வேதாகமப் பள்ளி இருந்தது. அதை நடத்திவந்தவர் ஞானராஜ் பாஸ்டர். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் சுமந்து திரிந்த ஆசரிப்புக் கூடாரத்தை, வேதத்தில் சொல்லியிருக்கும் அதே அளவில் கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடவுள் தம் ஜனங்களுக்கு நடுவில் வந்து தங்கிய கூடாரம் அது. அதைப் பார்த்தால் கிறிஸ்துவைப் புரிந்துகொள்ளலாம் என்பார். திரைகளைத் தைக்க ஆள் தேடினார். நான் போனேன்.

தையல் இரண்டு வருஷம் நடந்தது. இளநீலம், ஊதா, சிவப்பு, வெள்ளை, நான்கு நூல்கள். நீலம் பரலோகம், ஊதா ராஜரீகம், சிவப்பு இரத்தம், வெள்ளை பரிசுத்தம். நான்கும் ஒரே துணியில் பின்னியிருப்பதுபோல் ஒரே ஆளுக்குள் நான்கும் இருந்தன, அந்த ஆள்தான் கிறிஸ்து, திரை என்பது அவருடைய சரீரம் என்று பாஸ்டர் சொல்லுவார். நான் ஊசியைக் கோத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். திரையில் கேருபீன்கள் என்ற தேவதூதர்களைப் பூவேலையாகப் போட வேண்டும். இறக்கை போட்டேன், முகம் போட்டேன். கண் போடப் போனபோது பாஸ்டர் தடுத்தார்.

“கண் வேண்டாம்மா. அது எப்படி இருக்கும்னு நமக்குச் சொல்லப்படல. சொல்லாததைப் போடக்கூடாது.”

கண் இல்லாமலே விட்டேன். ஆள் உயரத்தில் நான்கு முகங்கள். பகலில் அழகாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டால் என் கைவேலை என்று எனக்கே நம்பிக்கை வராது.

தைத்து முடித்ததும் என்னையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். கூட்டங்களை எப்படி அழைத்துப் போக வேண்டும் என்பதற்கு அவரிடம் கண்டிப்பான ஒரு முறை இருந்தது. முதலில் வெளியே நிறுத்த வேண்டும். கூடாரத்தின் மேல் மூடுதோல் மங்கலான பழுப்பு நிறம், பார்க்க ஒன்றுமே இருக்காது. “வெளியே நிற்கிறவனுக்குக் கிறிஸ்துவிடத்தில் ஒரு அழகும் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்க வேண்டும். பிறகு கிழக்கு வாசல். நாலு பக்கமும் வேலி, வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே போனதும் வெண்கலப் பலிபீடம். தெரியாமல் பாவம் செய்தவன் ஆட்டின் தலையில் கைவைப்பான். அவன் சாக வேண்டிய இடத்தில் ஆடு சாகும். அதுதான் சிலுவை. அதைத் தாண்டினால் கைகால் கழுவும் வெண்கலத் தொட்டி. அந்த வெண்கலம் பெண்கள் கொண்டுவந்து கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடிகளை உருக்கியது என்று சொல்லி, ஒவ்வொருவரையும் தண்ணீரில் தன் முகத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் கூடாரத்துக்குள். முதல் அறை பரிசுத்த ஸ்தலம். இடதுபக்கம் ஏழு கிளைக் குத்துவிளக்கு, வலதுபக்கம் பன்னிரண்டு அப்பங்கள் வைத்த மேஜை, நேரே தூபபீடம். விளக்கு வெளிச்சம், அப்பம் ஜீவன், தூபம் ஜெபம். தூபபீடத்துக்குப் பின்னால் என் திரை. திரைக்குப் பின்னால் பதினைந்தடிக்குப் பதினைந்தடி, ஜன்னல் கிடையாது, விளக்கு கிடையாது. மகா பரிசுத்த ஸ்தலம். அங்கே உடன்படிக்கைப் பெட்டியும் அதன் மூடியான கிருபாசனமும். கூட்டம் அமைதியானதும் கயிற்றை இழுத்துத் திரையை ஓரமாக விலக்கிக் காட்டி, இருபது எண்ணி, மூடிவிட வேண்டும். யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் நானும் பாஸ்டரும் கால் கழுவிக்கொண்டு போய்த் துடைப்போம். அவ்வளவுதான்.

பாஸ்டர் உயரமான, ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். நான் பேசியதில் பிழை இருந்தால், எல்லாரும் போனபிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாள் எடுத்துக் கொடுப்பார். ‘தூண்கள் ஐந்து, நான்கு அல்ல.’ ‘விளக்கு தெற்கே.’ அவ்வளவுதான் எழுதியிருக்கும். என்னிடம் அதிகமாகச் சேர்ந்தது ஒரே தாள்தான்: ‘கயிறு வேதத்தில் இல்லை. மணி திரைக்குள் போவதில்லை.’

முதல் அறையின் நுழைவில் ஒரு மரப்பொம்மை வைத்திருந்தோம். துணிக்கடையில் இருப்பது போன்றது, முகம் கிடையாது. அதற்குப் பிரதான ஆசாரியனின், அதாவது தலைமைக் குருவின், நீல அங்கியைப் போட்டிருந்தோம். அங்கியின் கீழ் ஓரத்தில் சுற்றிலும் சின்ன மணிகளும் துணியால் செய்த மாதுளம்பழங்களும். ஆசாரியன் ஊழியம் செய்யும்போது அவன் சாகாதபடி மணிச்சத்தம் கேட்க வேண்டும் என்று வேதத்தில் இருப்பது உண்மை. ஆனால் ஜனங்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஆசாரியன் திரைக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்களாம். மணிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை அவன் உயிரோடு இருக்கிறான். சத்தம் நின்றால் செத்துவிட்டான், கடவுள் அவனை ஏற்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள், ஏனென்றால் எடுக்க உள்ளே போகிறவனும் செத்துப்போவான்.

அது தவறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நாளில் ஆசாரியன் மணி அங்கியைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் வெள்ளை அங்கியோடுதான் உள்ளே போவான். பாஸ்டர் எத்தனையோ தரம் விளக்கியிருக்கிறார். ஆனாலும் சொல்லுவேன். ‘சத்தம் நின்றால்’ என்று சொல்லி நிறுத்தும்போது முப்பது பேர் மூச்சு விடாமல் நிற்பார்கள். அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுப்பகலில் அந்தத் திரை மூச்சு விடும். வெயில் ஏறினதும் கூடாரத்தின் நான்கு மூடுதோல்களும் விறைத்து, கயிறுகள் முனகும். அப்போது திரை மெதுவாக உள்ளே போகும், உள்ளே இருக்கிற யாரோ மூச்சை இழுத்த மாதிரி. பிறகு தளர்ந்து நேராகும். சூடான காற்று மேலே போகிறது என்பார் பாஸ்டர். அது சரிதான். தெரிந்துகொண்டும் நான் பன்னிரண்டு மணிக்குமேல் தனியாக உள்ளே போகமாட்டேன்.

அந்தக் கதையை நான் கடைசியாகச் சொன்னது ஒரு தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில். கோபிநத்தம் பக்கமிருந்து, காட்டோரத்துச் சின்ன சபை ஒன்று, ஒரு வேனில் இருபது பேர். விடியுமுன் கிளம்பி பாலாறு, மாதேஸ்வரன் மலை வழியாக வந்திருந்தார்கள். அதில் அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா பாக்கியம், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு. தங்கை செல்வி, ஒடிசலாக, அக்காவின் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

பாக்கியம்மா அன்றைக்குக் கேட்ட கேள்விகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன. பலிபீடத்தில் நிற்கும்போது கேட்டார்: “தெரியாமச் செஞ்ச பாவத்துக்கு ஆடுன்னு சொன்னீங்க. தெரிஞ்சே செஞ்சதுக்கு என்னங்க?”

அதற்குத்தான் வருஷத்துக்கு ஒருமுறை திரைக்குள் போவது, அங்கே வந்து சொல்கிறேன் என்றேன். தொட்டியில் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவர் நகரவில்லை. செல்வி கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

திரைக்கு முன்னால் நான் கயிற்றுக் கதையையும் மணிக் கதையையும் சொன்னேன். அன்றைக்கு நன்றாகவே சொன்னேன். அமைதி வந்தது. அந்த அமைதியில் பாக்கியம்மா கேட்டார்.

“உள்ள போனவன் உசுரோட வெளிய வந்துட்டான்னா, மன்னிச்சாச்சுன்னு அர்த்தமுங்களா?”

“ஆமாம்மா.”

“செத்துட்டா, மன்னிக்கலைன்னு.”

“ஆமா.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி.

சாப்பாட்டு நேரம். வேனில் வந்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். நான் குத்துவிளக்கின் பல்புகளை அணைத்துவிட்டு என் அறையில் டப்பாவைத் திறந்தேன். செல்வி வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சர், அக்காளக் காணோமுங்க. அவளுக்குச் சக்கரை. நேரத்துக்குத் திங்கோணும். பாத்ரூம் பக்கமும் பாத்துட்டேன்.”

இரண்டு பேரும் தேடிக்கொண்டு கூடாரத்துக்குப் போனோம். வாசல் திரையைத் தூக்கி உள்ளே நுழைந்ததும் அது எங்கள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. வெளியே சுடுகிற வெயில், உள்ளே ஆட்டுமயிர் வாடையும் இருட்டும். கண் பழகச் சில விநாடி ஆனது. முதலில் தெரிந்தது மரப்பொம்மை. அம்மணமாக நின்றது. அங்கி இல்லை.

அப்போது சத்தம் கேட்டது. மணிச்சத்தம். சின்னதாக, விட்டுவிட்டு, நிற்கிற ஆள் கால் மாற்றி மாற்றி நிற்பதுபோல. என் திரைக்குப் பின்னாலிருந்து.

நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ‘அம்மா, வெளியே வாங்க’ என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. செல்வியும் கூப்பிடவில்லை. ஏனென்றால் உள்ளே பாக்கியம்மா பேச ஆரம்பித்திருந்தார். எங்களிடம் அல்ல.

“ஆண்டவரே, வந்திருக்கறேன். அன்னைக்குப் பரிசல் கவுந்தப்ப எம்பையன் ஒரு கையில இருந்தான். செல்வியோட புள்ள ஒரு கையில இருந்துச்சு. நாலு வயசு. தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு எல்லார்த்துகிட்டயும் சொன்னேன். இருபத்தாறு வருசமா அதையேதான் சொல்றேன். தண்ணி இழுக்கல. எனக்கு ரெண்டு பேரையும் புடிச்சுக்க முடியல. எம்பையனக் காப்பாத்தோணும்னு நான்தான் கைய விட்டேன். புள்ள என்னையப் பாத்துட்டே போச்சு. செல்விகிட்டச் சொல்ல எனக்கு வாயில்ல. நீங்க என்ன பண்ணோணுமோ பண்ணுங்க.”

நான் செல்வியைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. அவர் கை பக்கத்துத் தூணைப் பிடித்திருந்தது மட்டும் ஓரக்கண்ணில் தெரிந்தது. பிற்பாடு தெரிந்துகொண்டேன், செல்விக்கு அந்த ஒரு குழந்தைதான். ரோசி என்று பெயர். அதற்கப்புறம் பிறக்கவில்லை. அக்காவின் அந்தப் பையனைத்தான் தன் பிள்ளைபோல் வளர்த்தார். அவன்தான் இன்றைக்கும் இருவருக்கும் மருந்து வாங்கிக் கொடுக்கிறான்.

உள்ளே மணி இரண்டு தரம் கேட்டது. பிறகு ஒரு தரம். பிறகு நின்றுவிட்டது.

மூடுதோல் கயிறுகள் முனகின. செல்வி பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“மணி நின்னு போச்சுங்களே.”

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்கதான சொன்னீங்க, மணி நின்னா செத்துட்டாங்கன்னு.”

பொய் அம்மா, அது வெறும் கதை, கூட்டத்தைப் பயமுறுத்த நான் சொல்லுவது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் சொன்ன கதையை நானே நம்பிக்கொண்டு நின்றேன். உள்ளே போகிறவரும் சாவார் என்று என் கால்கள் நம்பின.

செல்வி மெதுவாகச் சொன்னார்: “கயிறு கட்டாமப் போயிட்டா.”

அப்புறம் தூணை விட்டார். நேராகத் தூபபீடத்தைச் சுற்றிப் போனார். திரையின் கீழ் ஓரத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, குனிந்து உள்ளே போய்விட்டார்.

அழுகை வரும், சத்தம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு செருமல்கூட இல்லை. நான் திரைக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். ஒவ்வொரு நடுப்பகலிலும் உள்ளே இழுக்கும் திரை அன்றைக்கு வெளிப்பக்கமாக வந்தது. வந்து என் முகத்தைத் தொட்டது. என் கையால் தைத்த முகம், கண் வைக்காமல் விட்ட முகம், என் கன்னத்தில் பட்டு ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பின்வாங்கியது. துணி சில்லென்றிருந்தது.

பிறகு திரை அடியில் உயர்ந்தது. முதலில் செல்வி வந்தார், பின்னால் அக்கா. பாக்கியம்மாவின் முகம் வேர்த்து வெளுத்திருந்தது. கால் நிற்கவில்லை. மணி அங்கி தோளில் கோணலாகத் தொங்கியது. செல்வி அதைக் கழற்றினார். உதறி, மடித்து, மணிகள் உள்பக்கமாக வரும்படி சுருட்டி, என்னிடம் நீட்டினார்.

“அக்காளுக்குச் சக்கரை எறங்கிப் போச்சுங்க. ஏதாச்சும் திங்கக் குடுங்க.”

பன்னிரண்டு அப்பங்கள் மேஜைமேல்தான் இருந்தன. எல்லாம் சுண்ணாம்பில் செய்து வர்ணம் பூசியவை. ஓடிப்போய் என் டப்பாவையும் ஒரு வாழைப்பழத்தையும் கொண்டுவந்தேன். செல்வி பழத்தை உரித்து, துண்டு துண்டாகப் பிட்டு அக்காவின் வாயில் வைத்தார். பாக்கியம்மா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தின்றார். செல்வி அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோபம் இல்லாமல் இல்லை.

மூன்று மணிக்கு வேன் கிளம்பியது. இருவரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு தூக்குவாளியை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

பாஸ்டர் வெளியூர் போயிருந்தவர் நாலு மணிக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கால் கழுவிக்கொண்டு டார்ச் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். பெட்டியின் தங்க மூடியில், இரண்டு கேருபீன்களுக்கும் நடுவில், பூச்சுத் தூள் கலைந்து வட்டமாக ஒரு தடம் இருந்தது. இருட்டில் கால் தளர்ந்தபோது கையில் பட்ட இடத்தில் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். கிருபாசனத்தின்மேல்.

கூடாரத்தில் நாற்காலியே கிடையாது என்பது பாஸ்டர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லும் பாடம். ஆசாரியன் உட்காரவே கூடாது, ஏனென்றால் பலி முடிவதில்லை. அங்கே இருக்கும் ஒரே ஆசனம் கடவுளுடையது. நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். பாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். டார்ச் வெளிச்சம் அந்தத் தடத்தின்மேல் வெகுநேரம் நின்றது.

“ஆசனம்னு பேரு வச்சிருக்காங்க. இத்தனை வருஷத்தில இப்பத்தான் ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க,” என்றார்.

வெளியே வந்ததும் நான் உள்ளதைச் சொன்னேன். “பாஸ்டர், நான் மணிக் கதையைச் சொன்னேன். நீங்க எத்தனை தரம் எழுதிக் கொடுத்தீங்க. இருந்தும் சொன்னேன். அதை நம்பித்தான் பெரியவங்க உள்ள போனாங்க. மணி நின்னதும், அதை நம்பித்தான் சின்னவங்களும் போனாங்க.”

“மணி நின்னுதா?”

“ஆமா. கேட்டுக்கிட்டே இருந்தது, நின்னுபோச்சு. நாங்க ரெண்டு பேரும் கேட்டோம்.”

அவர் அங்கியை வாங்கினார். மேஜைமேல் விரித்து, ஒரு மணியைத் திருப்பிக் காட்டினார். உள்ளே பஞ்சு. நெருக்கமாகத் திணித்து, மேலே மெழுகு ஊற்றி அடைத்திருந்தது. அடுத்த மணி, அதற்கடுத்த மணி, எல்லாமே அப்படித்தான்.

“போன வாரம் நீங்க லீவுல இருந்தப்ப ஒரு ஸ்கூல்ல இருந்து வந்தாங்க. பிள்ளைங்க ஆட்டி ஆட்டி வகுப்பே நடத்தவிடல. அன்னைக்குச் சாயந்திரம் நான்தான் அடைச்சேன். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்.”

அங்கியைத் தூக்கி உதறினார். துணி படபடத்தது. வேறு சத்தம் இல்லை. நானும் வாங்கி உதறிப் பார்த்தேன். மெழுகு ஒரு மணியிலும் விரிசல் விட்டிருக்கவில்லை.

பாஸ்டர் பழக்கம்போல் சட்டைப்பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் இருந்தவரை அந்த விஷயத்தை எடுத்ததில்லை. நானும் அதன் பிறகு மணிக் கதையைச் சொன்னதில்லை. கேட்பவர்களிடம், அந்த நாளில் ஆசாரியன் வெறும் வெள்ளை அங்கியோடுதான் போவான், உள்ளே சத்தம் இருக்காது என்று மட்டும் சொல்லிவிடுவேன். அடுத்த வருஷம் வேறொரு வழிகாட்டி சேர்ந்தபோது, நான் முன்பு பேசியதைப் பதிவு செய்து வைத்திருந்ததிலிருந்து அந்தக் கதையை எடுத்துக்கொண்டார். அப்படித்தான் அது ஏழாவது தாள்வரை வந்திருக்கிறது.

பாக்கியம்மாவும் செல்வியும் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை, காலை கூட்டம் போனபிறகு, செல்வி தனியாக வந்தார். ஹனூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். முன்பைவிட இன்னும் மெலிந்து தெரிந்தார்.

“அக்கா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன்.

“இருக்கறாளுங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவருதான். அன்னையிலிருந்து நாங்க பேசிக்கலீங்க. சோறு மட்டும் கொண்டுபோயி வெச்சுட்டு வந்துருவேன்.” கூடாரத்தின் பக்கம் திரும்பி, “அந்த இடத்த ஒருக்கா வெளிச்சத்துல பாக்கோணும் டீச்சர்,” என்றார்.

பாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றிருப்பார். இருவரும் கால் கழுவினோம். நான் திரையை முழுவதும் விலக்கிக் கட்டிவிட்டு, நீண்ட வயரில் ஒரு பல்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்தேன். செல்வி நுழைந்து நின்று சுற்றிப் பார்த்தார். பலகைச் சுவர், பெட்டி, பெட்டியின் மேல் தங்க வர்ணம். வேறொன்றும் இல்லை. நாலு மூலையும் குனிந்து பார்த்தார். பெட்டிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தார்.

“வேற வழி ஏதும் இருக்குதுங்களா, உள்ள வாரதுக்கு?”

“இல்லம்மா. இந்தத் திரை ஒண்ணுதான்.”

அவர் பெட்டியருகே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். வலது கையை மடியில் வைத்து விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“அன்னைக்கு உள்ள வந்தப்ப ஒண்ணும் தெரியல. கும்மிருட்டு. தடவித் தடவி அக்கா கைய இந்தக் கையில புடிச்சனுங்க. ஐஸு மாதிரி இருந்துச்சு. உசுரு இருக்குதான்னு கூடத் தெரியல. செத்தாச் சாவட்டும்னு ஒரு நெனப்பு வந்துச்சுங்க. பொய் சொல்லக்கூடாது. விட்டுட்டுத் திரும்பிரலாம்னுதான் நெனச்சேன்.” இடது கையை மேலே தூக்கினார். “அப்ப இந்தப் பக்கம் வந்து என் வெரலப் புடிச்சுச்சுங்க. சின்னக் கையி. ஈரமா இருந்துச்சு.”

பல்பு வெளிச்சத்தில் எங்கள் நிழல்கள் பலகைச் சுவரில் அசையாமல் இருந்தன. நான் மூலைகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

“நான் ஒண்ணும் பேசல. பேசுனாப் போயிருமோன்னு பயம். இந்தக் கையில அக்காள எழுப்பிட்டேன், இந்தக் கையில அதை இறுக்கிப் புடிச்சுட்டேன். அப்படியே ரெண்டு பேர்த்தையும் கூட்டிட்டு நடந்தேன். நாலே எட்டுதான். திரையத் தூக்கிக் குனிஞ்சு வெளிய வந்து பாக்கறேன், இந்தக் கையில ஒண்ணுமில்ல.”

இடது கையை மெதுவாக மடியில் இறக்கினார்.

“நான் விடலீங்க டீச்சர். எலும்பு வலிக்கற மாதிரிதான் புடிச்சிருந்தேன். அதுக்குமேல புடிக்க என்னால முடியாது. எப்பப் போச்சுன்னே தெரியல. ரெண்டு மாசமா நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், குனியறப்ப நான்தான் விட்டுட்டனோ, நான்தான் விட்டுட்டனோன்னு.” என்னைப் பார்த்தார். “அக்காளுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்? போனது போயிருச்சு. விட்டேன், விட்டேன்னு அவளா சொல்லிச் சொல்லி வெச்சிருக்கறா.”

கூடாரத்தின் ஒவ்வொரு முளைக்கும் கொக்கிக்கும் அர்த்தம் சொல்லத் தெரிந்தவள் நான்.

“அவங்ககிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“இன்னும் இல்லீங்க. இன்னைக்குப் போய்த்தான் சொல்லோணும். அதுக்கு முன்ன யாருகிட்டயாச்சும் ஒருக்கா சொல்லிப் பாக்கலாம்னு வந்தேன், வாய் வருதான்னு.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொள்ளேகால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.